எலுமிச்சைச் சாற்றில் கரையாத மாத்திரை

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

அவருடைய மாமியாருக்கு வயது 72. பிறந்ததிலிருந்து சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை. ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தினமும் ஆறு மருந்துகள்: உறையிட்ட ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 25, ஓர் இரும்புச்சத்து மாத்திரை, காலையில் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த ஒரு கேப்ஸ்யூல். ஒரு மாதத்துக்கு முன் வாட்ஸப்பில் வந்த காணொலியில் 'கேப்ஸ்யூல் ஓடு மாட்டெலும்பில் செய்வது' என்று பார்த்த அன்றே மாமியார் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டார். மருமகள் வேறு வழி தெரியாமல், ஓட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே இருந்த உருண்டைகளைக் கல்வத்தில் நுணுக்கி வெதுவெதுப்பான பாலில் கலந்து கொடுக்க ஆரம்பித்தார். 'மற்ற மாத்திரைகளின் மேல்பூச்சிலும் என்ன இருக்கிறதோ' என்ற சந்தேகத்தில் அவற்றையும் நுணுக்கினார். மூன்று வாரங்களாக இப்படி. இப்போது மாமியாருக்கு நெஞ்செரிச்சல், மேல்வயிற்றில் வலி, எழுந்து நின்றால் தலைச்சுற்றல். கடைசி இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது.

அவர் கேட்பவை மூன்று. வயிற்று அமிலத்தைத் தாங்கும் தாவர உறை போட்ட மாத்திரை உண்டா? ஆன்லைனில் 'வெஜ், ஆசிட் ரெசிஸ்டன்ட்' என்று விற்கும் காலிக் கேப்ஸ்யூலை வாங்கி வீட்டிலேயே பொடியை அடைத்துக் கொடுக்கலாமா? எதுவும் முடியாவிட்டால், அத்தைக்குத் தெரியாமல் கேப்ஸ்யூலைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கறுப்பு மலம்

இந்தப் பகுதியை மட்டும் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். உங்களைப் போன்ற மற்றவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது சகஜம்தான். ஆனால் உங்கள் அத்தை ஏழு மாதமாக இரும்பு சாப்பிடுகிறார், கறுப்பு வந்தது இரண்டு நாளாக. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகளை (ஆஸ்பிரின், குளோபிடோகிரல்) உட்கொள்ளும் 72 வயதுக்காரருக்கு, வயிற்று வலியோடும் தலைச்சுற்றலோடும் கறுப்பு மலம் போனால், அதை இரைப்பையில் ரத்தக்கசிவு என்று எடுத்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும். இல்லை என்று பரிசோதனை சொல்லட்டும். தார் போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று. பயந்துபோய் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு நிறையாத நிலையில் இவை திடீரென்று நின்றால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. கசிவு இருக்கிறதா, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் அன்றே முடிவு செய்யவேண்டும். போகும்போது எல்லா மருந்து அட்டைகளையும், நீங்கள் தூக்கியெறியாமல் வைத்திருந்தால் காலி அட்டைகளையும், எடுத்துப்போங்கள். 'மூன்று வாரமாக நுணுக்கிக் கொடுத்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். மறைத்தால் அவர்கள் தேடும் திசையே மாறிப்போகும்.

உங்கள் சோதனை பாதிதான் முடிந்தது

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் தனியாக ஒரு பான்டோபிரசோல் மாத்திரை வாங்கி, எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறீர்கள். 'அப்படியே கிடந்தது டாக்டர், பிளாஸ்டிக் போல. இது வயிற்றில் எப்படிக் கரையும்? அதனால்தான் நுணுக்குவதே நல்லது என்று முடிவு செய்தேன்' என்கிறீர்கள்.

சகோதரி, மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் செய்வதையே நீங்கள் அடுப்படியில் செய்திருக்கிறீர்கள். இவ்வகை மாத்திரைக்கு மருந்துகளின் தரத்தை வகுக்கும் 'இந்தியன் பார்மகோபியா' (ஐ.பி.) நூலின் சோதனை இதுதான்: உடலின் சூடான 37 டிகிரியில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் போட்டு வைக்கவேண்டும், அதுவரை மாத்திரை உடையவோ விரிசல் விடவோ கூடாது. பிறகு அதே மாத்திரையைக் குடலின் தன்மையுள்ள, அமில அளவு (pH; எண் கூடக்கூட அமிலம் குறைவு) 6.8 இருக்கும் கரைசலுக்கு மாற்றவேண்டும்; அங்கே 1 மணி நேரத்துக்குள் அது கரைந்துவிட வேண்டும். முதல் பாதியில் உங்கள் மாத்திரை தேறிவிட்டது. இரண்டாம் பாதியைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. சாற்றைக் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் போட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் உறை இளகி, உள்ளிருப்பது வெளியே வருவதைக் கண்டிருப்பீர்கள். (பார்த்தபின் அந்த மாத்திரையை யாரும் சாப்பிடவேண்டாம்.)

இந்த உறைகளின் சூட்சுமம் ஒன்றே. அவற்றின் மூலக்கூறில் அமிலக் கைகள் வரிசையாக இருக்கும். சுற்றிலும் அமிலம் மிகுந்திருக்கும்வரை அந்தக் கைகள் மடங்கியே கிடக்கும், தண்ணீர் உள்ளே நுழையாது. அமிலம் குறைந்ததும் கைகள் மின்னேற்றம் பெற்று விரியும். தண்ணீர் புகுந்து உறை கரையும். எந்த அளவில் விரியவேண்டும் என்பதையும் தேர்ந்தெடுத்தே செய்கிறார்கள். 5.5-இல் கரைவது சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கும். 7-இல் கரைவது சிறுகுடலின் கடைசிக்கும் பெருங்குடலுக்கும் போய்ச் சேரும்.

இப்போது உங்கள் பால் தம்ளரை நினைத்துப் பாருங்கள். பாலின் அமில அளவு ஏறக்குறைய 6.6. நீங்கள் நுணுக்காமல் உருண்டைகளை அப்படியே போட்டிருந்தாலும் உறை பாலிலேயே இளகத் தொடங்கியிருக்கும். நுணுக்கியதால் அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கல்வத்தில் நடந்தது

ஒவ்வொரு மாத்திரைக்கும் உறை வெவ்வேறு காரணத்துக்காகப் போடப்படுகிறது. எல்லாவற்றையும் 'மேல்பூச்சு' என்று ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அட்டோர்வாஸ்டாட்டினும் குளோபிடோகிரலும் வெறும் மெல்லிய பூச்சு உள்ளவை. கசப்பை மறைக்க, ஈரத்திலிருந்து காக்க. அவற்றை நுணுக்கியதால் பெரிய நஷ்டம் இல்லை.

பான்டோபிரசோல் அப்படியல்ல. அமிலச் சுரப்பைக் குறைக்கும் இந்த மருந்தே அமிலத்தில் பட்டால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இதில் ஒரு விநோதம் உண்டு: அது வேலை செய்வதற்கும் அமிலம்தான் வேண்டும். ஆனால் இரைப்பைக் குழியில் இருக்கும் அமிலம் அல்ல, அமிலம் சுரக்கும் செல்லின் உள்ளே இருப்பது. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாக, பின்வாசலில் அந்தச் செல்லை அடைந்து, அங்கே அமிலத்தால் விழித்துக்கொள்ளும். முன்வாசலில் அமிலத்தைச் சந்தித்தால் அங்கேயே முடிந்தது. ஆக, மூன்று வாரமாக அத்தைக்குப் போனது பெரும்பாலும் செத்த மருந்து. ஆஸ்பிரினிலிருந்து வயிற்றைக் காக்கத்தான் அதைக் கொடுத்தார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டு ஆஸ்பிரினை மட்டும் உறையையும் கழற்றி உள்ளே விட்டிருக்கிறோம்.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது டோம்பெரிடோன். உருண்டைகள் இரண்டு நிறத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிறம் பான்டோபிரசோல், இன்னொன்று எஸ்.ஆர். டோம்பெரிடோன் 30 மி.கி. எஸ்.ஆர். என்றால் நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கசியவேண்டியது என்று பொருள். நுணுக்கினால் 30 மி.கி.யும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறும். இந்த மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு மூன்று முறை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. இதயக்கோளாறு உள்ளவர்கள் சிலருக்கு அறவே கூடாது என்றும் சொன்னது. நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்றாலே இந்த இரட்டைக் கேப்ஸ்யூலை எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தைக்கு வாந்தியோ குமட்டலோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டோம்பெரிடோன் எதற்கு என்று இதயநோய் மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல்.லுக்கும் இதே கதை; அதுவும் மெல்லக் கசியவேண்டியது. நடுவில் கோடு இருந்தால் அந்தக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், பொடியாக்கக் கூடாது. பொடியாக்கினால் காலையில் நாடித்துடிப்பு சட்டென்று இறங்கும், இரவில் பாதுகாப்பு இருக்காது. எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்றலில் இதற்கும் பங்கு இருக்கலாம். ரத்தக்கசிவுக்கும் இருக்கலாம். கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் என்னால் பிரிக்க முடியாது.

தாவரமா என்பது சரியான கேள்விதானா?

இப்போது உங்கள் முதல் கேள்வி. வாட்ஸப் காணொலி இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. வழக்கமான கேப்ஸ்யூல் ஓடு ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. அத்தையின் மறுப்பை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் மாத்திரையின் உறை வேறு விவகாரம். பான்டோபிரசோல் தனி மாத்திரையாகவே தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு ஜெலட்டின் ஓடு இல்லை. அதன் உறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மரக்கூழிலிருந்தோ பருத்திப் பஞ்சின் குறுநாரிலிருந்தோ எடுத்த செல்லுலோஸை ஆலையில் வேதிமாற்றம் செய்து உருவாக்கியது. மற்றது, பெட்ரோலிய மூலப்பொருளில் செய்யும் மெத்தக்ரிலிக் அமிலப் பல்படி. முதலாவதைத் தாவர வழி வந்தது எனலாம். இரண்டாவது தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை. குடலில் கரையும், உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறும். அத்தைக்கு வேண்டியது உறை தாவரமாக இருப்பதல்ல, அதில் விலங்கு இல்லாமல் இருப்பது. இந்த இடத்தில் கேள்வியைச் சற்றுத் திருப்பிவிட்டால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அவிழ்ந்துவிடும்.

'இயற்கை' என்ற சொல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நீங்களே ஓர் உதாரணம் தந்திருக்கிறீர்கள். 'ஷெல்லாக் என்னும் மரப்பிசின் பூசிய மாத்திரை தேடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஷெல்லாக் என்பது நம் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகைக்கும், தபால் பையின் முத்திரைக்கும், வளையலுக்கும் பயன்பட்ட அதே அரக்கு. அது மரத்தில் கிடைப்பது உண்மை. மரம் சுரப்பது அல்ல. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அரக்குப்பூச்சி சுரப்பது. ஜார்க்கண்டில் இது பெரிய தொழில். கிளையிலிருந்து சுரண்டும்போது பூச்சிகளும் சேர்ந்தே வரும். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் புரசு மரம் இதற்குத் தாய்மரம் என்பது பலருக்குத் தெரியாது. அத்தை தேனையும் பட்டுத்துணியையும் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அரக்கை எந்தக் கணக்கில் வைப்பது என்பதை அவரே சொல்லட்டும். மருந்தாக்கக் கோணத்திலும் அரக்குக்குக் குறை உண்டு: கரைவதற்கு ஏறக்குறைய 7 என்ற அளவு தேவைப்படுவதால் சிறுகுடலின் மேற்பகுதியில் தாமதிக்கும், நாள்படக் கிடந்தால் இறுகி இன்னும் தாமதிக்கும். அதனால் டாக்டர் எழுதும் மருந்துகளின் உறையாக அது அருகிவிட்டது. மாத்திரைமேல் எழுத்து அச்சடிக்கும் மையில் துளியளவு இருக்கலாம்.

உண்மையான தாவர உறைகளும் உண்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், மக்காச்சோளத்தின் ஜெயின் என்னும் புரதம், பழத்தோலின் பெக்டின். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் முங்கிச் சேகரிக்கும் கடற்பாசிகளில் சில ஆல்ஜினேட் எடுக்கத்தான் போகின்றன. ஆனால் ஆல்ஜினேட் தனியாக நின்றால் பஞ்சு போலக் கசியும். எத்தில் செல்லுலோஸ் போன்ற ஒரு துணையோடு சேர்த்தே பூசுவார்கள். இவற்றை மீனெண்ணெய், புரோபயாட்டிக் போன்ற சத்துப்பொருள்களில்தான் அதிகம் பார்க்கலாம். உங்கள் அத்தையின் மருந்து அட்டையில் இவற்றைத் தேடி அலையவேண்டாம்.

வரலாற்றையும் ஒரு வரி சொல்லவேண்டும். 1884-இல் ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் பால் உன்னா குடலில் கரையும் மாத்திரைக்குக் கெரட்டின் உறை போட்டார். கொம்பிலும் குளம்பிலும் இருக்கும் அதே கெரட்டின். விலங்கில் தொடங்கிய தொழில், பருத்திக்கும் மரக்கூழுக்கும் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

'தாலேட் என்றால் புற்றுநோய்' என்றும் ஓர் அச்சம் எழுதியிருக்கிறீர்கள். உறைப்பொருளின் பெயரில் வரும் தாலேட், செல்லுலோஸோடு பிணைந்த பெரிய மூலக்கூறின் ஒரு பகுதி. சிக்கலானவை வேறு: உறையை நெகிழ்விக்கச் சேர்க்கும் டைபியூட்டைல் தாலேட் போன்ற சிறு மூலக்கூறுகள். அவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இலேயே ஆலைகளுக்கு அறிவுறுத்தியது. இப்போது சிட்ரேட் வகை நெகிழ்விகளே பரவலாகப் பயன்படுகின்றன.

உறையிட்ட ஆஸ்பிரின் பற்றி ஒரு பழைய நம்பிக்கை

'உறை இருப்பதால் ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்காது' என்ற நம்பிக்கை உங்கள் கடிதத்தில் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. நேரடி உரசல் குறையும், அவ்வளவே. ரத்தக்கசிவு வருவது ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்தபின், இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருள்களின் உற்பத்தியைக் குறைப்பதால். 1996-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சாதாரண ஆஸ்பிரினுக்கும் உறையிட்டதற்கும் மேல்வயிற்று ரத்தக்கசிவு அபாயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே 'ஆஸ்பிரின் உறையைக் கெடுத்ததால்தான் இப்படி ஆயிற்றோ' என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். கெட்டுப்போன பான்டோபிரசோல்தான் பெரிய இழப்பு. இன்னொரு குறிப்பு: ஜெலூசில் போன்ற அமில முறிப்பு மருந்தை உறையிட்ட மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டாம். வயிற்றில் அமிலம் குறைந்தால் உறை அங்கேயே ஏமாந்து திறந்துவிடும். இரண்டு மணி நேர இடைவெளி போதும்.

காலிக் கேப்ஸ்யூலை வாங்காதீர்கள்

'வெஜ் கேப்ஸ்யூல்' என்றால் ஓடு செல்லுலோஸில் ஆனது என்பது மட்டுமே பொருள். அது வயிற்றிலேயே திறந்துகொள்ளும். 'ஆசிட் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருப்பவை சற்றுத் தாமதமாகத் திறக்கும். மேலே சொன்ன 2 மணி நேரச் சோதனையில் ஒவ்வொன்றும் தேறும் என்று எண்ணவேண்டாம். அதோடு, வீட்டில் அடைக்கும்போது அளவு சரியாக வராது, மூடி சரியாக அமராது, நுணுக்கிய எஸ்.ஆர். மருந்து எந்த ஓட்டுக்குள் போனாலும் எஸ்.ஆர். ஆகாது. பணமும் வீண்.

அதற்குப் பதில் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'அத்தை ஜெலட்டின் சாப்பிடமாட்டார். கேப்ஸ்யூலுக்குப் பதில் பான்டோபிரசோல் 40 மாத்திரையாக எழுதமுடியுமா?' அட்டையில் 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட் டேப்லட்ஸ் ஐ.பி.' என்று இருக்கும். அதுதான் நீங்கள் தேடும் சொல். சாப்பாட்டுக்கு அரைமணி முன், தண்ணீரில், முழுசாக. குளோபிடோகிரலோடு சேர்ந்து கொடுக்க ஒமிப்ரசோலைவிடப் பான்டோபிரசோல் ஏற்றது என்பதால் 'வேறு கேஸ் மாத்திரை' என்று கடைக்காரர் மாற்றித்தந்தால் வாங்காதீர்கள்.

உணவுப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி நம் நாட்டில் மருந்துக்குக் கட்டாயமில்லை. அதனால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. அட்டையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, 'ஜெலட்டின், ஷெல்லாக், மாட்டுக் கொழுப்பு வழி வந்த ஸ்டியரேட் இருக்கிறதா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தயிர்சாதத்தில் மறைத்து...

வேண்டாம். அத்தைக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, தன் மருந்துகளின் பெயரே சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தன் உடம்புக்குள் எது போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. ஒருநாள் பல்லில் ஓடு ஒட்டிக் கண்டுபிடித்தார் என்றால், மறுநாளிலிருந்து ஆஸ்பிரினையும் வாங்கமாட்டார். ஸ்டென்ட் இருக்கும் உடம்பில் அந்த அவநம்பிக்கைக்கு விலை அதிகம்.

அவரோடு உட்கார்ந்து முழு உண்மையையும் பேசுங்கள். எல்லா மருந்துக்கும் சைவ மாற்று இல்லை. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை) நேரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியாகக் கொடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. மாற்றுகள் சில உண்டு. நள்ளிரவில், நெஞ்சுவலியோடு போகும்போது அவற்றைத் தேட நேரம் இருக்காது. அப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் என்ன செய்யலாம் என்பதை இப்போதே, அவர் தெளிவாக இருக்கும் மாலையில், மருத்துவர் முன்னால் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'உயிர் காக்க என்றால் சரி' என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'அப்போதும் வேண்டாம்' என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தை எந்தப் பக்கம் என்று நீங்கள் ஊகிக்கவேண்டாம்.

கல்வத்தைக் கழுவி, மிளகு இடிக்க எடுத்துவைத்துவிடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.